வத்தம் பார்த்து வா

வேதாரண்யம்

அன்புள்ள சிங்காரத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சம்பா அறுப்பு முடிந்தது, உளுந்தும் முளைத்துவிட்டது என்று படித்ததில் சந்தோஷம். எனக்கு முழங்கால் வலி அப்படியேதான். சைக்கிளை மட்டும் விடவில்லை.

“கோடியக்கரைப் பறவைகள், கோடியக்கரைப் பறவைகள் என்று பெருமை பேசுகிறாயே, ஒரு குருவியைக்கூடக் காணோம்” என்று எழுதியிருந்தாய். நீ வந்தது தை அமாவாசை. கடலில் முழுகி, இட்லி சாப்பிட்டு, பத்து மணி வாக்கில் சேற்றுப் பக்கம் போயிருக்கிறாய். அந்த நேரம் கடல் தண்ணீர் ஏறி, பறவைகள் இரை தேடும் சேற்றை மூடி நின்றது. இலை போடாத பந்தியில் யாரப்பா உட்கார்ந்திருப்பார்கள்?

குஜராத்தின் காம்பே வளைகுடாவில் ஓதம் (கடல் தண்ணீர் தினமும் ஏறி இறங்குவது) 30 அடிக்கு மேல் ஏறுமாம். நம் பக்கம் அமாவாசை, பௌர்ணமிக்குக்கூட இரண்டு மூன்று அடிக்குள்தான். ஆனால் தரை உன் வயலைவிடச் சமம். ஒரு சாண் தண்ணீர் இறங்கினாலே கண்ணுக்கெட்டிய தூரம் சேறு வெளியே வந்துவிடும். சேற்றில் மேயும் சின்னப் பறவை கொசு உள்ளான், அதன் எடை 25 கிராம்தான். கால் உன் சுண்டுவிரல் நீளம் வராது. அதற்கு அந்த ஒரு சாண்தான் பிழைப்பு.

தண்ணீர் இறங்குவதை எங்கள் தெரு மீன்காரர் ‘வத்தம்’ என்பார். வத்தம் தொடங்கியதும் போய் நின்று பார். நீ டிராக்டர் ஓட்டும்போது பின்னாலேயே கொக்குகள் நடக்குமே, அதே கதைதான். இங்கே தண்ணீர் பின்வாங்க, அதன் விளிம்போடு பறவைகள் நகரும். ஈரம் இருக்கும்வரை சேறு இளகிக் கிடக்கும், புழுக்களும் மேலாக இருக்கும். வெயில் பட்டுக் காய்ந்தால் புழு ஆழத்துக்குப் போய்விடும், அலகும் இறங்காது.

ஒரே சேற்றில் ஆளுக்கொரு விதம். வளைமூக்கு உள்ளான் குனிந்த தலை நிமிராமல் குத்திக் குத்தி எடுக்கும். நடவுக்காரப் பெண்களின் விரல்கள் மாதிரி. அதற்குக் கண் தேவையில்லை, அலகு நுனியிலேயே தொட்டறியும் நரம்புகள் உண்டு. உப்புக்கொத்தி நாலடி ஓடும், சட்டென்று நிற்கும், பார்க்கும், கொத்தும். அப்புறம் கோட்டான் (ஆந்தை இல்லை, வளைந்த நீள அலகுக்காரர்). போன வாரம் ஒன்று வளைக்குள் அலகை முக்கால்வாசி விட்டு ஒரு நண்டை இழுத்தது. உதறு உதறென்று உதறிக் கால்களை எல்லாம் கழற்றிவிட்டு, ஓட்டோடு முழுங்கியது. உன் மாமனார் நண்டு சாப்பிடும் அழகு ஞாபகம் வந்தது, கோபித்துக்கொள்ளாதே.

இந்தப் பந்திக்கு நேரம் குறிப்பது சூரியன் இல்லை, சந்திரன். நாளைக்கு இரண்டு வத்தம். இன்று வந்த நேரத்துக்கு நாளை வராது, சுமார் 50 நிமிஷம் தள்ளிப்போகும். ராத்திரி வத்தத்தையும் பறவைகள் விடுவதில்லை. இருட்டில் சேற்றிலிருந்து அந்தக் கீச்சுச் சத்தம் கேட்டால் முதலில் பயமாகத்தான் இருக்கும். அட்டமி நவமியில் நாம் நல்ல காரியம் தொடங்கமாட்டோம். அவற்றுக்கும் அந்த நாட்களில் பந்தி சுருக்கம், தண்ணீர் பாதிகூட இறங்காது. போதாததற்கு வாடைக்காற்று பலமாக அடித்தால் கடலைச் சதுப்புக்குள் தள்ளிவிடும். பஞ்சாங்கப்படி வத்தம், சேற்றில் முழங்கால் தண்ணீர்!

அப்படிப்பட்ட நேரத்தில் அவை எங்கே போகும் என்று கேட்பாய். உப்பள வரப்புகளுக்கு. காற்றுக்கு முகம் கொடுத்து, ஒற்றைக்காலில், வரிசையாக. நீ அன்று காரை அந்தப் பக்கம் திருப்பியிருந்தால் பார்த்திருப்பாய்.

ஒன்று சொல்கிறேன், யாரிடமும் சொல்லாதே. இரண்டு வருஷம் முன்பு பேரனுக்குக் காட்ட வேண்டும் என்று நானே கைதட்டி ஒரு கூட்டத்தைக் கிளப்பிவிட்டேன். வானத்தில் புகை மாதிரி சுழன்றன. பயல் குதித்தான். அவை இறங்க இடமில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தன. அது மார்ச் மாதம். சைபீரியாவின் வடகோடிக்குப் போவதற்காகக் கொழுப்பு சேர்க்கிற சமயம். இங்கே தின்றதை இங்கேயே பறந்து தீர்க்கவைத்துவிட்டேன். அப்புறம் தெரிந்துதான் மனசு கஷ்டப்பட்டது.

சரி, மாசிமகம் வருகிறது. மறுநாள் வா. காலையில் அவசரப்படாதே. மதியச் சாப்பாட்டை நம் வீட்டில் முடித்துக்கொண்டு, இரண்டு மணிக்குக் கிளம்புவோம். பைனாகுலர் என்னிடம் இருக்கிறது. தங்கச்சியையும் அழைத்து வா. பழைய ரப்பர் செருப்பு போட்டுக்கொள். போன தடவை என் புதுச் செருப்பில் ஒன்றைச் சேறு வாங்கிக்கொண்டது, இன்னும் தரவில்லை.

அன்புடன்,
கணேசன்