ரிமாண்டுக்கு முன்பே வக்கீல் வேண்டும்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலூர் சத்துவாச்சாரி ஒருங்கிணைந்த நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜாமீன் மனு, வக்கீலை அமர்த்தக் கையெழுத்துப் போடும் வக்காலத்து, நகல் மனு எல்லாம் நாள் முழுக்க என் கை வழியாகத்தான் போகின்றன. சென்ற வாரம் உங்கள் நாளிதழில் வாசகர் ஒருவர், குற்றவாளிகளுக்காக வாதாட வக்கீல்களுக்கு எப்படி மனசு வருகிறது என்று கேட்டு எழுதியிருந்தார். அவர் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் கைதானவர் எல்லாரும் குற்றவாளி என்று அவர் முடிவு கட்டியதை ஏற்க முடியவில்லை. கேட்டவுடன் வக்கீல் வந்து நிற்கிறார் என்று அவர் நினைப்பதும் எங்கள் பக்கத்து ஏழை ஜனங்களைப் பொறுத்தவரை நிஜமில்லை.

அணைக்கட்டு பக்கத்துக் குடும்பம் ஒன்று. ஊர்ப் பெயர் வேண்டாம். திருவிழாவில் அடிதடி, மகனைப் பிடித்து ரிமாண்ட் செய்து, அதாவது மாஜிஸ்திரேட் உத்தரவில் காவலில் வைத்து, தொரப்பாடி மத்தியச் சிறைக்கு அனுப்பிவிட்டார்கள். ஸ்டேஷன் வாசல் டீக்கடையில் நின்ற ஒருவர், “மெட்ராஸ் வக்கீல், பெரிய ஆளு, ஒரே வாரத்துல வெளியில எடுத்துடலாம்” என்று சொல்லி, அந்தத் தாய் கம்மலை அடகு வைத்துக் கொண்டுவந்த பணத்தை வாங்கிக்கொண்டார். வக்கீல் முகத்தைத் தாயும் பார்க்கவில்லை, உள்ளே இருந்த மகனும் பார்க்கவில்லை. முதல் ஜாமீன் மனு தள்ளுபடி. அதன்பிறகு பணம் வாங்கிய அந்த ஆள் போனையே எடுக்கவில்லை. மஞ்சப்பையில் எஃப்.ஐ.ஆர். நகலோடு என் கடைக்கு வந்த அந்த அம்மா, “காசெல்லாம் குட்த்துட்டோம் கண்ணு, புள்ளய இன்னும் வுடலியே” என்றார்.

ரிமாண்ட் தேதியைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. மரண தண்டனை, ஆயுள், பத்தாண்டோ அதற்கு மேலோ தண்டனை என்கிற வழக்குகளில் 90 நாள், மற்றவற்றில் 60 நாள். அதற்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை போடவில்லை என்றால் ஜாமீனில் விட்டே ஆக வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இது இருந்தது, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய சட்டத்தில் 187ஆவது பிரிவிலும் இருக்கிறது. ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். மனு போடுவதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போயே போய்விடும். இந்தப் பையனுக்கு அதுதான் நடந்தது. 60 நாள் முடிந்து சில நாள் குற்றப்பத்திரிகை வராமலேயே இருந்திருக்கிறது. அந்த நாட்களில் ஒரு மனுவை அடித்துக் கையெழுத்துப் போட்டு உள்ளே நீட்ட அவனுக்கு ஓர் ஆள் இல்லை. பின்னால் சட்ட உதவி வக்கீல் ஒருவர்தான் மறுபடி மனு போட்டு வெளியே எடுத்தார்.

அதனால்தான் உள்ளூர் வக்கீல் வேண்டும் என்று அடித்துச் சொல்கிறேன். சென்னை வக்கீல்கள் திறமைசாலிகள்தான். உயர் நீதிமன்றத்துக்குப் போகும்போது அவர்கள் தேவை. கைதான அன்றைக்கு வேண்டியவர் வேறு. குடியாத்தத்தில் பிடித்தால் குடியாத்தம் மாஜிஸ்திரேட், காட்பாடியில் பிடித்தால் காட்பாடி. எந்த ஸ்டேஷன் என்பதை வைத்துத்தான் கோர்ட். 24 மணி நேரத்துக்குள் ஆஜர்படுத்த வேண்டும் என்பதால் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மாஜிஸ்திரேட் வீட்டிலேயே ரிமாண்ட் நடக்கும். அந்த நேரத்துக்கு ஓடி வந்து, பையன் உடம்பில் காயம் இருக்கிறது ஐயா, ஏழாண்டு வரை தண்டனை உள்ள வழக்கில் நோட்டீஸ் கொடுக்காமல் ஏன் கைது என்று கேட்கிறவர் அதே கோர்ட் வராண்டாவில் தினமும் நிற்கிறவராகத்தான் இருப்பார். விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கவும் கைதானவருக்கு உரிமை உண்டு. ஸ்டேஷனில் அதை யாரும் எடுத்துச் சொல்ல மாட்டார்கள்.

அப்படிப்பட்டவரைக் கண்டுபிடிப்பது எப்படி? செல்போனில் தேடிப் பயனில்லை. வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. இணையதளங்கள் வழியாக ஆள் பிடிப்பவர்கள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமே உத்தரவிட்டது. நேரில் வாருங்கள். ஒரு காலை வேளை மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பின் பெஞ்சில் உட்காருங்கள். யார் வழக்குக் கட்டைப் படித்துவிட்டுப் பேசுகிறார், யார் வாய்தா மட்டும் வாங்கிக்கொண்டு போகிறார் என்பது படிக்காதவருக்கும் தெரிந்துவிடும். சிவில் பார்க்கிறவரா, கிரிமினல் பார்க்கிறவரா என்று வாய்விட்டுக் கேளுங்கள், நல்ல வக்கீல் கோபித்துக்கொள்ள மாட்டார். பீஸை முதலிலேயே பேசி, கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். ஜாமீன் கிடைத்தால் இவ்வளவு, விடுதலையானால் இவ்வளவு என்று பேரம் பேசுவதற்குப் பார் கவுன்சில் விதியில் இடமில்லை, அப்படிப் பேசுகிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். எதுவும் நிரப்பாத வக்காலத்தில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள், உங்கள் காலில் விழுந்து கேட்டுக்கொள்கிறேன். வக்கீலை மாற்ற நினைத்தால், பீஸ் பாக்கி என்று கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது.

பணமே இல்லாதவர்கள் அதே வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோரிடம் வருமானம் எவ்வளவு என்றே கேட்க மாட்டார்கள். தாலுகாக்களிலும் குழு உண்டு. கிரிமினல் வழக்கு நடத்துவதற்கென்றே முழு நேர வக்கீல்களை அமர்த்தும் திட்டம் 2022இல் வந்திருக்கிறது. ‘ஓசி வக்கீல் ஒழுங்கா பேச மாட்டார்’ என்று எங்கள் ஜனங்கள் நினைக்கிறார்கள். அணைக்கட்டுப் பையனை வெளியே எடுத்தவர் அப்படிப்பட்ட வக்கீல்தான்.

வாசகரின் கேள்விக்கு வருகிறேன். குற்றம் சாட்டப்பட்டவரின் வக்கீல் என்ன செய்கிறார் என்பதை அவர் ஒரு வழக்குக் கட்டில் பார்க்க வேண்டும். அடிபட்டவரை அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதும் டாக்டர் ஏ.ஆர். காப்பியில், அதாவது காயத்தைப் பதியும் ஆஸ்பத்திரிப் பதிவேட்டில், எழுதுவார்: எத்தனை பேர் அடித்தார்கள், தெரிந்தவர்களா தெரியாதவர்களா, எதனால் அடித்தார்கள். நான் நகல் எடுத்த ஒரு கட்டில், அதில் ‘தெரியாத இருவர்’ என்று இருந்தது. மறுநாள் பதிவான எஃப்.ஐ.ஆரில் ஐந்து பேர், அப்பா பெயரோடு. மிச்சம் மூன்று பேர் எங்கிருந்து வந்தார்கள்? எஃப்.ஐ.ஆர். மாஜிஸ்திரேட் கைக்குப் போன நேரம் என்ன? சம்பவ இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதும் மகஜரில் கையெழுத்துப் போட்ட சாட்சி சம்பவ இடத்தில் நின்றாரா, ஸ்டேஷனில் உட்கார்ந்து போட்டாரா? குறுக்கு விசாரணையில் இதையெல்லாம் கேட்கிறவர்தான் கிரிமினல் வக்கீல். அவர் கேட்காவிட்டால் அந்த மூன்று பேரும் குற்றவாளிகளாகவே எழுதப்பட்டுவிடுவார்கள். அரசுத் தரப்புக்குப் போலீசும் உண்டு, அரசு வழக்கறிஞரும் உண்டு. கூண்டில் நிற்பவனுக்கு இவர் ஒருவர்தான். இன்னாருக்கு ஆஜராக மாட்டோம் என்று வழக்கறிஞர் சங்கம் தீர்மானம் போடுவது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2010இல் சொன்னதே கோயம்புத்தூரிலிருந்து போன வழக்கில்தான்.

என் கோரிக்கைகளை இந்தக் கடிதத்தின் மூலம் வைக்கிறேன். அந்த டீக்கடை ஆள் மாதிரியான கோர்ட் புரோக்கர்களின் பட்டியலைத் தயாரித்து வெளியிட 2023ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத் திருத்தம் மாவட்ட நீதிபதிக்கு அதிகாரம் தந்திருக்கிறது. வேலூரில் அந்தப் பட்டியல் எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டப்பட வேண்டும். ஒவ்வொரு ஸ்டேஷன் வாசலிலும் இலவசச் சட்ட உதவிக்கான 15100 என்ற எண்ணைத் தூரத்திலிருந்தே தெரிகிற அளவில், தமிழில் எழுதி வைக்க மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் உத்தரவிட வேண்டும். மாவட்டச் செய்திப் பக்கத்தில் அந்த எண்ணை வாரம் ஒருமுறையாவது நீங்களும் வெளியிடுங்கள், ஐயா.

இப்படிக்கு,
நீதிமன்றத் தட்டச்சர்,
சத்துவாச்சாரி, வேலூர்.