உயர்ரக சிடி பிளேயர்: பழையது எல்லாம் லாபமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய ஒலிக்கருவிகளை வாங்குவதில் பெருகிவரும் ஆர்வம் குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரை, உயர்ரக சிடி பிளேயரைப் புதிதாக வாங்குவது வீண் செலவு என்றும், பழையதைப் பாதி விலைக்கும் குறைவாக வாங்கிவிடலாம் என்றும் கூறுகிறது. ஆம்ப்ளிஃபயருக்கும் ஸ்பீக்கருக்கும் இக்கருத்து பெரும்பாலும் பொருந்தும். ஆனால் சிடி பிளேயரின் ஆயுள், தகட்டைப் படிக்கும் லேசர் பிக்கப்பைச் சார்ந்தது. அது உழைக்க உழைக்க ஒளி குன்றும் உறுப்பு.

இறுகிப்போன டிரே பெல்ட்டையும் உலர்ந்த கெபாசிட்டரையும் கோவையிலோ ஈரோட்டிலோ கைத்தேர்ந்த மெக்கானிக் ஒருவர் மாற்றிக் கொடுத்துவிடுவார். பிக்கப் விஷயம் வேறு. பிலிப்ஸின் பழைய சிடிஎம் வரிசைப் பிக்கப்புகளை நம்பி 1980களிலும் 90களிலும் வெளிவந்த புகழ்பெற்ற பிளேயர்கள் பல உண்டு; அந்தப் பிக்கப்புகளின் உற்பத்தி நின்று வெகுகாலமாகிறது. எனவே விலை பேசுவதற்கு முன்பே, அந்த மாடலில் இருப்பது எந்தப் பிக்கப், அது இன்றும் கிடைக்கிறதா என்று விசாரித்துவிட வேண்டும். கிடைக்காது என்றால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்பேன்.

சோதிக்கும்போது விற்பவர் தரும் ஒரே ஒரு பாட்டைக் கேட்டுத் திருப்தி அடைந்துவிடக் கூடாது. சிடி உள்விளிம்பிலிருந்து வெளிவிளிம்பை நோக்கிப் படிக்கப்படுகிறது. தொடக்கத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 500 சுற்றும் தகடு, முடிவில் ஏறத்தாழ 200 சுற்றுக்கு இறங்குகிறது. மோட்டார் தளர்ந்திருந்தால் முதல் பாட்டிலேயே திணறும். பிக்கப் நகரும் தண்டவாளத்தில் கோளாறு இருந்தால் கடைசிப் பாட்டில் தெரிந்துவிடும். ஆகவே 70 நிமிடத்துக்கு மேல் ஓடும் தகடு ஒன்றையும், வீட்டில் பதிவு செய்த சிடி-ஆர் ஒன்றையும் நாமே கொண்டுபோக வேண்டும். சிடி-ஆர் ஒளியைக் குறைவாகவே திருப்பி அனுப்புவதால், சோர்ந்த லேசர் முதலில் தடுமாறுவது அதில்தான். லேசருக்குப் போகும் மின்னோட்டத்தைக் கூட்டிவைத்து, நன்றாகப் படிக்கிறது என்று காட்டி விற்பவர்களும் உண்டு. அப்படிச் செய்த பிக்கப் விரைவில் தீர்ந்துபோகும்.

சோமனூர், பல்லடம் பக்கம் தறிக்கூடத்தை ஒட்டிய வீடுகளில் இருந்த கருவியானால் லென்ஸில் பஞ்சுத்தூசி படிந்திருக்கக்கூடும். துடைத்தால் போகிற இந்தக் குறைக்காகவே பழுதென்று ஒதுக்கப்பட்ட நல்ல பிளேயர்களும் உண்டு. பொறுமையுள்ளவருக்கு அது யோகம்தான். ஜப்பானிலிருந்து வந்த கருவி என்றால் கதை வேறு. அது 100 வோல்ட்டுக்கு உரியது. நம் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் பிளேயரே எரிந்துபோகலாம். வைண்டிங் பட்டறைகளுக்குக் குறைவில்லாத கோவையில் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டிக்கொள்வது எளிதே. எனினும் அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

என்னைக் கேட்டால், பெரிய தொகையை ஒரே பெட்டியில் போடாமல், டிஜிட்டல் அவுட்புட் உள்ள நடுத்தர பிளேயர் ஒன்றை உத்தரவாதத்துடன் புதிதாக வாங்கி, மிச்சத்தை, பிளேயர் தரும் டிஜிட்டல் சிக்னலை ஆம்ப்ளிஃபயருக்கு ஏற்ற அனலாக் சிக்னலாக மாற்றும் தரமான ஒரு டாக் (DAC) கருவியில் போடுவதே நல்லது. டாக்கில் சுழலும் உறுப்பு எதுவும் இல்லை என்பதால் அதைப் பழையதாக வாங்குவதில் அச்சமும் குறைவு. நாளை பிளேயர் படுத்தாலும் அது கையில் நிற்கும். எம்பி3 தகடுகளை நிறையச் சேர்த்து வைத்திருப்பவர்கள், உயர்ரக பிளேயர்கள் பல அவற்றைப் படிப்பதில்லை என்பதையும் கவனத்தில் கொள்ள வேண்டும்.

தங்கள் வரி விளம்பரப் பகுதியில் பழைய பிளேயர்களை விற்க முன்வருவோர், எத்தனை வோல்ட்டுக்கு உரியது, பிக்கப் மாற்றப்பட்டதா என்ற இரண்டு விவரங்களையும் குறிப்பிட வேண்டும் என்று தாங்கள் கேட்டுக்கொண்டால், என் போன்ற வாசகர்களுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஈரோடு