ஞாயிறு பிரெஞ்சு வகுப்பு: உறுப்பினர்கள் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம். கொடைக்கானலில் விடுதி, கடை, வழிகாட்டிப் பணி எனப் பயணிகளோடு அன்றாடம் பேசும் நாம், இவ்வாரம் பிரெஞ்சு முகமன் சொற்களையும் ‘து’, ‘வூ’ வேறுபாட்டையும் பயில்வோம்.

நம் ‘நீ’ போல ‘து’ நெருங்கியவர்க்கும், ‘நீங்கள்’ போல ‘வூ’ மரியாதைக்கும் பன்மைக்கும் உரியது என்பதால் தமிழர்க்கு இது எளிதில் பிடிபடும். அறிமுகமற்ற பெரியவர்களிடம் ‘வூ’ என்றே பேசுங்கள். ‘போன்ஜூர்’ (வணக்கம்) சொல்லாமல் நேரே கேள்வி கேட்பதைப் பிரெஞ்சுக்காரர்கள் மரியாதைக் குறைவாகக் கருதுவர். இலக்கணப் பிழையைவிட இதையே நாம் முதலில் தவிர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நமக்குக் கடினமானது பெயர்ச்சொற்களின் பால்தான். உயிரற்ற பொருள்களும் ஆண்பால் அல்லது பெண்பால் ஆகிவிடுவதால், மேசையை வெறும் ‘தாப்ல்’ என்று மனப்பாடம் செய்யாமல் ‘லா தாப்ல்’ என்றும், புத்தகத்தை ‘லெ லீவ்ர்’ என்றும் பாலைக் காட்டும் முன்வரும் சொல்லோடு சேர்த்தே எழுதிப் பழகுங்கள். எதிர்மறையில் வினையின் இருபுறமும் ‘ந’, ‘பா’ வரும்: ‘ஜெ ந கோம்ப்ரான் பா’, அதாவது ‘எனக்குப் புரியவில்லை’.

காலை 10 மணிக்குக் குறிப்பேட்டுடன் வாருங்கள். கனமழை பெய்தால், நேர மாற்றம் 8 மணிக்குள் இக்குழுவில் தெரிவிக்கப்படும்.