அந்தக் கப்பலில் நான் ஏன் வரவில்லை

கொழும்பு வெளிக்கடல்
7 ஜூன் 2020

அன்புள்ள அக்காவுக்கு,

கரையில் இறங்கித் தபால் போட வழியில்லை. அதனால் எழுதியதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். அம்மாவுக்கு நீயே வாசித்துக் காட்டு. போனில் பேசினால் அம்மா அழுதுவிடுகிறார்கள், நான் சொல்ல வந்தது பாதியிலேயே நின்றுபோகிறது.

ஒன்றாம் தேதி இந்தியக் கடற்படைக் கப்பல் ஜலாஷ்வா, கொரோனாவால் இங்கே மாட்டிக்கொண்ட நம் ஆட்கள் ஏறக்குறைய 700 பேரை ஏற்றிக்கொண்டு இங்கிருந்து நம் தூத்துக்குடிக்குத்தான் புறப்பட்டது. "வாசலுக்கே கப்பல் வந்தும் என் பிள்ளை வரலையே" என்று அம்மா சொன்னார்களாம். அத்தான் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை.

இங்கே எப்படி இருக்கிறோம் என்று முதலில் சொல்கிறேன். எங்களுடையது எண்ணெய் பார்ஜ். வெளியே நங்கூரம் போட்டு நிற்கிற பெரிய கப்பல்களுக்கு எரிஎண்ணெய் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். மார்ச் 20 சாயங்காலம் ஊரடங்கு போட்டார்கள். ஊர் அடைத்துக் கிடந்தாலும் துறைமுகம் நிற்கவில்லை. அரிசியும் மருந்தும் கடல் வழியாகத்தானே வரவேண்டும்! ஆனால் பார்ஜில் இருந்தவர்கள் பார்ஜிலேயே இருக்க வேண்டும் என்றாகிவிட்டது. ஒன்பது பேர். கரையில் கால் வைத்து இன்றோடு 80 நாள்.

காலையும் மாலையும் காய்ச்சல் பார்த்து நோட்டில் எழுதுகிறோம். குளிக்க ஆளுக்கு ஒரு வாளித் தண்ணீர். மே கடைசியிலிருந்து தென்மேற்குக் கச்சான் காற்று பலமாக வீசுகிறது, படுத்தால் உடம்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருளுகிறது. சமையல்காரர் மாத்தறைச் சிங்களவர். அடுப்பில் பானையைக் கம்பியால் கட்டி வைத்துத்தான் சோறு வடிக்கிறார். தேங்காய்ச் சம்பலில் மாசிக் கருவாடு இடித்துப் போடுவார். அந்த வாசம் வந்தால் நம் வீட்டு அடுப்படி ஞாபகம் வந்துவிடும்.

பெரிய கப்பலை ஒட்டி நின்றாலும் யாரும் மேலே ஏறக்கூடாது. ஹோஸை மாட்டுவோம், கையெழுத்துப் போடவேண்டிய தாளை பிளாஸ்டிக் பையில் சுற்றி வாளியில் வைப்போம், மேலே இழுத்துக்கொள்வார்கள். போன மாதம் ஒரு கப்பலின் மேல்தட்டிலிருந்து ஒருவர், "தமிழா? எந்த ஊரு?" என்று கத்தினார். அவர் நாகர்கோவில். கப்பலில் ஏறி 13 மாதம் ஆகிறதாம், மாற்று ஆள் வர விமானம் இல்லை. எங்கள் வீல்ஹவுஸுக்கு, அதாவது பார்ஜை ஓட்டுகிற அறைக்குப் பின்னால் ஒரு பெயிண்ட் டப்பாவில் கறிவேப்பிலைச் செடி வைத்திருக்கிறேன். நாலு கொத்து ஒடித்துத் தாளோடு வாளியில் வைத்தேன். அவர் எடுத்து, மாஸ்க்கை இறக்கி முகர்ந்து பார்த்தார். அப்புறம் ரொம்ப நேரம் முகத்திலிருந்து அதை எடுக்கவே இல்லை அக்கா.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தூதரகத்தில் பெயர் கொடுத்திருந்தேன், இடமும் கிடைத்தது. ஆனால் இந்த பார்ஜை ஓட்ட லைசென்ஸ் உள்ளவர்கள் இரண்டே பேர், கேப்டனும் நானும். நான் இறங்கினால் புது ஆள் பரிசோதனை முடிந்து 14 நாள் தனியாக இருந்து வருவதற்குள் அவர் ராப்பகலாக ஒற்றை ஆளாக நிற்கவேண்டும்.

கேப்டன் கொழும்பு கொட்டாஞ்சேனைத் தமிழர். ஏப்ரலில் அவர் மனைவிக்குப் பெண் குழந்தை பிறந்தது. இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. ராத்திரி நங்கூரத்தில் நிற்கும்போது கொட்டாஞ்சேனைப் பக்கம் விளக்குகள் தெரியும். வாட்ச் டியூட்டி முடிந்தாலும் படுக்கப் போகாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே பார்த்துக்கொண்டு நிற்பார். நம் வீடு 150 கடல் மைல் தள்ளி இருக்கிறது. அவர் வீடு கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில். "தம்பி, போறதுன்னா போங்க, நான் சமாளிச்சுக்கொள்றேன்" என்றுதான் சொன்னார். அவரை விட்டுவிட்டு நான் எப்படி ஏறுவேன்?

ஜலாஷ்வா வெளியே போனபோது நான் வீல்ஹவுஸில்தான் இருந்தேன். 2011-இல் தூத்துக்குடியிலிருந்து ஸ்கோஷியா பிரின்ஸ் பயணிகள் கப்பலில் ஒரே ராத்திரியில் இங்கே வந்து சேர்ந்தது ஞாபகம் வந்தது. கப்பல் மறைகிற வரை பார்த்தேன். அழுதேன் என்பதை அம்மாவிடம் வாசிக்காதே.

இறங்க அனுமதி வந்தால் முதலில் கேப்டன் போகட்டும் என்று நாங்கள் எட்டுப் பேரும் சொல்லிவிட்டோம். அவர் திரும்பி வந்ததும் நான் ஊருக்குப் புறப்படுவேன். ஆகஸ்ட் 5, பனிமய மாதா திருவிழாவுக்குள் வந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். வருகிற 13-ஆம் தேதி அந்தோனியார் திருநாள். கொச்சிக்கடைக் கோவில் துறைமுகத்துக்குப் பக்கம்தான், ஆனாலும் போகமுடியாது. எனக்காக நீ நம் ஊரில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்று.

இன்னொன்று. அப்பா வந்துதான் ஞானஸ்நானம் என்று கேப்டனின் குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. "உங்க அம்மாவைக் கேட்டு ஒரு நல்ல பெயர் சொல்லுங்க" என்று கேப்டன் கேட்கிறார். அம்மாவிடம் கேட்டு இன்றைக்கே அனுப்பு.

உன் தம்பி