2022–23 செயலாளர் ஆண்டறிக்கை: வோலோஸ் பார்த்த வருடம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவை இந்த வருடமும் பொருளாளர் வாசிப்பார். செயற்குழு மாதா மாதம் கூடியது. கோரம் இல்லாமல் கலைந்தது ஒரே ஒரு முறை, அதுவும் மழையால். சிறுவர் பயிற்சி தொடர்ந்து நடக்கிறது. கோல் வலை கிழிந்தே இருக்கிறது. இனி இந்த வருடம் அதிகம் பேசப்பட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

மார்ச் 18 அன்று மன்றத்து டிவியில் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்து இறுதி ஆட்டம் போட்டோம். கோவாவில் பெங்களூருவும் மோகன் பகானும் 2–2 என்று முடித்து, பெனால்டியில் மோகன் பகான் கோப்பையைத் தூக்கியது உங்களுக்கு நினைவிருக்கும். பயிற்சியாளர் ஹுவான் ஃபெராண்டோ. ‘இந்த ஆள் இந்தியாவுக்கு வருவதற்கு முன்னால் எங்கே இருந்தார்?’ என்று பின்வரிசையிலிருந்து ஒரு தம்பி கேட்டான். கிரேக்க நாட்டில், வோலோஸ் என்ற ஊர் கிளப்பில் என்றேன். ‘அது எங்கண்ணே இருக்கு?’ என்றான். அங்கே பிடித்ததுதான், இன்னும் விடவில்லை.

வோலோஸ் ஒரு துறைமுக ஊர். பின்னால் பெலியோன் மலை, முன்னால் பகசேட்டிக் வளைகுடா. கிரேக்கப் புராணத்தில் ஜேசன் கப்பலேறிய கரை அதுதான் என்பார்கள். அந்த ஊருக்குப் பந்து புதிதல்ல. நிக்கி வோலோஸ் 1924-ல் தொடங்கியது. ஆசியா மைனரிலிருந்து, அதாவது இன்றைய துருக்கியிலிருந்து, துரத்தப்பட்டு வந்த அகதிகளின் கிளப். ஒலிம்பியாகோஸ் வோலோஸ் 1937-ல் வந்தது. ஊரே இந்த இரண்டு கட்சியாகத்தான் பிரிந்து கிடந்தது. ஒலிம்பியாகோஸ் வோலோஸ் ஐரோப்பியப் போட்டி வரைக்கும் போய்விட்டு, 2011-ல் மேட்ச் ஃபிக்ஸிங் விவகாரத்தில் முதல் பிரிவிலிருந்தே வெளியேற்றப்பட்டது. நிக்கி 2014–15-ல் முதல் பிரிவுக்கு ஏறியது, பணமில்லாமல் சீசன் பாதியிலேயே விலகியது. முதல் பிரிவில் ஊருக்கு அணியே இல்லாமல் போயிற்று.

அந்த வெற்றிடத்தில் 2017-ல் பிறந்ததுதான் இந்த வோலோஸ் கிளப். சுற்றுவட்டாரத்தின் இரண்டு சிறிய கிளப்களை இணைத்து உருவாக்கினார்கள். கிளப்புக்குப் பின்னால் நின்றவர் ஊர் மேயர் அகிலியாஸ் பெயோஸ். ஜெர்சிக்குச் சிவப்பும் நீலமும் எடுத்துக்கொண்டார்கள். ஒலிம்பியாகோஸின் சிவப்பு, நிக்கியின் நீலம். ரெண்டு வீட்டுக்காரர்களையும் பந்தியில் உட்காரவைக்கிற யோசனை!

ஆடத் தொடங்கியது மூன்றாம் பிரிவில். 2018-ல் இரண்டாம் பிரிவு. 2019-ல் அதிலும் முதலிடம் பிடித்து முதல் பிரிவுக்குள் நுழைந்துவிட்டார்கள். பிறந்து இரண்டு வருடம்! நம் மன்றத்தின் பதிவுச் சான்றிதழைப் புதுப்பிக்கவே கிட்டத்தட்ட அவ்வளவு காலம் ஆயிற்று என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

மேலே போய்ச் சும்மா நின்றுவிடவும் இல்லை. 2021–22-ல் அந்த லீக்கில் அதிக கோல் போட்டவர் வோலோஸின் டச்சு முன்கள வீரர் டாம் வான் வேர்ட், 17 கோல். உடனே ஏதென்ஸின் ஏஇகே அவரை எடுத்துக்கொண்டது. அப்படிப் பறிகொடுத்த பிறகும் 2022–23-ல் முதல் ஆறு இடத்துக்குள் வந்தார்கள். லீக்கின் முதல் கட்டம் முடிந்தபோது பனதினாய்கோஸ், ஏஇகே, பிரேயஸின் ஒலிம்பியாகோஸ், பாவோக், ஆரிஸ், ஆறாவதாக வோலோஸ். முதல் ஐந்தும் ஏதென்ஸ்-பிரேயஸ் பக்கமோ தெசலோனிகியோதான். வெளியூர்க்காரர்கள் இவர்கள் மட்டுமே.

அவர்கள் ஆட்டம் நமக்கு ராத்திரி பதினோரு மணிக்குத்தான் தொடங்கும். ஆறேழு பேர், ஒரு செல்போன், சுவரில் சாய்த்து வைத்த பிளாஸ்டிக் நாற்காலி. நான் பார்த்துக்கொண்டிருந்தது கேலரியை. 2004 ஒலிம்பிக்ஸுக்குத் திறந்த பான்தெசாலிகோ மைதானம், ஏறக்குறைய 22,000 இருக்கை. கேமரா எதிர்ப்பக்கம் திரும்பும்போதெல்லாம் வரிசை வரிசையாகக் காலி நாற்காலி. கோல் விழுந்தால் கத்தல் சத்தத்தைவிடப் பயிற்சியாளர் குரல்தான் தெளிவாகக் கேட்டது. ஊரின் பழைய இரண்டு கட்சியும் பந்தியில் வந்து உட்காரவில்லை என்பது என் கணிப்பு. நிக்கிக்காரன் கீழ்ப்பிரிவில் ஆடினாலும் நிக்கிக்காரன்தான்.

இதை இவ்வளவு நீட்டியதற்குக் காரணம் உண்டு. பக்கத்து ஊர் மன்றத்தோடு இணைந்துவிடலாம் என்ற தீர்மானம் இன்றைய நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. அதை முன்மொழிந்தவர்கள் உதாரணம் காட்டுவதும் வோலோஸைத்தான். செயற்குழுவில் இது 4–4. தலைவர் வாக்களிக்கவில்லை, டீ சொல்லிவிட்டு வந்தார்.

செயலாளர் என்ற முறையில் இரண்டு பக்கத்தையும் சொல்ல வேண்டும். இணைந்தால் ஆள் பலம் கூடும், நல்ல மைதானம் கிடைக்கும், டோர்னமென்ட்டில் முதல் சுற்றோடு மூட்டை கட்ட வேண்டியிருக்காது. வோலோஸ் ஏறியதும் அப்படித்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர்களுக்கு மேயர் இருந்தார், ஒலிம்பிக் மைதானம் இருந்தது. நமக்குப் பந்துக்குக் காற்றடிக்கும் பம்ப் ஒன்று இருக்கிறது, அதுவும் இரவல். நம்மிடம் இருப்பது சாயங்காலம் வேலை முடிந்து லுங்கியோடு வந்து கோட்டோரம் நின்று திட்டுகிற நாற்பது பேர். பெயரும் ஜெர்சியும் மாறினால் அதில் எத்தனை பேர் வருவார்கள் என்று தீர்மானத்தில் எங்கேயும் எழுதவில்லை. என் வாக்கு இணைப்புக்கு எதிராகப் பதிவாகியிருக்கிறது. இதில் தம்பி ஒருவனுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லாமல் மூன்று வாரம் போனது, இப்போது சரியாகிவிட்டது.

தீர்மானம் பொதுக்குழுவின் முன் வைக்கப்படுகிறது. வாக்கெடுப்பு சாப்பாட்டுக்கு முன்பே நடக்கும். சாப்பிட்டுவிட்டு நழுவுகிறவர்களைப் போன வருடமே பார்த்தோம். அப்புறம், அந்தப் பம்ப்பை யார் வீட்டுக்குக் கொண்டுபோனீர்களோ அவர் இன்று மாலைக்குள் திருப்பித் தந்துவிடவும். கேட்டு ஆள் வந்துவிட்டது.

இங்ஙனம்,
செயலாளர்