தாரேக்னாவில் ஏமாற்றியவன்

கன்னங்குறிச்சி, சேலம்
18 ஜனவரி 2026

மாப்ளே ராசு,

போன ஆடியில் நீ எழுதிய மூன்று பக்கக் கடிதம் இன்னும் டிவிக்குப் பின்னால்தான் செருகிக் கிடக்கிறது. தூசி தட்டும்போதெல்லாம் உன் தங்கச்சி அதை எடுத்து என் முன்னால் ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு மறுபடி அங்கேயே செருகுகிறாள். காரணம் எதுவும் சொல்லப் போவதில்லை. சோம்பல்தான். இங்கே எல்லோரும் சௌக்கியம். எனக்கு வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று, இடது கண்ணுக்கு மாசியில் வரச் சொல்லியிருக்கிறார்கள். மூக்கனேரியில் தண்ணீர் இருக்கிறது. கொலுசுப்பட்டறை மணி மூன்றாவது முறையாகச் சிகரெட்டை விட்டிருக்கிறான். பிலாயில் குளிர் எப்படி, பேத்தி உன்னை என்ன பாடு படுத்துகிறாள் என்பதையெல்லாம் நீ பதிலில் எழுது. எனக்கு இப்போது வேறு அவசரம்.

இன்றைக்குத் தை அமாவாசை. காலையில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் படைத்து, மொட்டைமாடிச் சுவரில் சோறு வைத்துவிட்டுக் காக்காய்க்காக நின்றுகொண்டிருந்தேன். எங்கள் தெருக் காக்காய்களுக்கு அமாவாசையன்று ஏக கிராக்கி, பத்து வீட்டில் ருசி பார்த்துவிட்டுத்தான் நம்மிடம் வரும். சும்மா நின்ற நேரத்தில் ஒன்று உறைத்தது. 2027 ஆகஸ்ட் 2, நான் ரெண்டு வருஷமாக மனப்பாடமாக வைத்திருக்கிற தேதி. தமிழ்க் கணக்கில் அது ஆடி 17. சூரிய கிரகணம் என்றாலே அமாவாசைதான். அப்படியென்றால் அது ஆடி அமாவாசை! மறுநாள் ஆடிப்பெருக்கு. ஊரே மேட்டூரில் காவிரிக்கரையில் நிற்கிற நேரத்தில் நான் நைல் கரையில் நிற்பேன்.

ஆமாம், போகிறேன். எகிப்து, லக்ஸர். உன்னைக் கேட்காமலே உனக்கும் சேர்த்துத்தான் முடிவு பண்ணியிருக்கிறேன். கடிதத்தைக் கீழே வைக்காதே, முழுக்கப் படி.

2009-இல் நம்மை ஏமாற்றினானே, அதே ஆள்தான் திரும்பி வருகிறான். கதையாகச் சொல்லவில்லை, கணக்கே அப்படி. ஒரு கிரகணம் நடந்து 18 வருஷம் 11 நாள் 8 மணி நேரம் கழித்து சூரியனும் நிலாவும் பூமியும் கிட்டத்தட்ட அதே வரிசையில் வந்து நிற்கும். சாரோஸ் என்று பெயர். 2009 ஜூலை 22-ஓடு 18 வருஷம் 11 நாளைக் கூட்டிப் பார். கூட்டினாயா? மிச்சமிருக்கிற அந்த 8 மணி நேரத்தில் பூமி மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகச் சுற்றிவிடுவதால், நிழல் இந்தியாவையும் சீனாவையும் விட்டு மேற்கே நகர்ந்து ஆப்பிரிக்காவில் விழுகிறது. இந்தக் குடும்பத்தில் 1955-இல் வந்தவர் இலங்கை வழியாகப் போனார், அப்போது அதிகபட்ச இருட்டு 7 நிமிடம் 8 நொடி. 1973-இல் 7:04, 1991-இல் 6:53, 2009-இல் 6:39, இப்போது 6:23. நம்மைப் போலவே அவனும் வருஷத்துக்கு வருஷம் தேய்கிறான். ஆனாலும் 6:23 என்பது இனி 2114 வரைக்கும் எந்தக் கிரகணத்துக்கும் வாய்க்காத நீளம்.

2009-இல் கிரகணம் பார்க்கப் பீகாரில் போய் நின்றோமே, அந்தத் தாரேக்னாவை நான் மறக்கவில்லை. நீயும் மறக்க விடமாட்டாய். "முகல்சராயில் இறங்கிடலாம்டா, காசிக்குப் போயிடலாம்" என்று நீ கெஞ்சினாய். பேப்பரில் தாரேக்னாதான் சிறந்த இடம் என்று போட்டிருக்கிறான், ஆரியபட்டர் இருந்த ஊர் என்று சொல்லி உன்னைப் பாட்னா வரை இழுத்துப் போனது நான்தான். காசியில் பார்த்தார்கள், நாம் மேகத்தைப் பார்த்தோம். விடிந்து கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, மறுபடியும் ராத்திரி வந்தது. டீக்கடைக்காரன் அவசரமாகக் குண்டு பல்பைப் போட்டான். ஆயிரக்கணக்கான ஜனம் அண்ணாந்து நின்றது, மேலே ஒன்றுமில்லை. நீ என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஒரு டீ வாங்கிக் கையில் கொடுத்துவிட்டு, "காசியில டீ இன்னும் நல்லா இருந்திருக்கும்" என்றாயே, அதுதான் பதினாறு வருஷமாக வலிக்கிறது. ஊருக்கு வந்ததும் அப்பா சொன்னார்: "ஆடி அமாவாசையும் அதுவுமா வீடு தங்காம போனா அப்படித்தான்." அன்றைக்கும் ஆடி அமாவாசைதான், பார்த்துக்கொள்.

உனக்கென்ன, நீ பார்த்தவன். 1995 அக்டோபர் 24. தீபாவளிக்கு மறுநாள். மெட்ராஸ் போய்க் கோரமண்டல் பிடித்து டயமண்ட் ஹார்பர் வரைக்கும் போவதென்று ரெண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்துவிட்டு, எனக்குத் தலைதீபாவளி என்பதையே மறந்துபோனோம். ஆத்தூரில் மாமனார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவர் போட்ட அரைப் பவுன் மோதிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், நீ ஹூக்ளிக் கரையில், சூரியனின் கடைசித் துளி நிலாவின் விளிம்பில் மின்னுகிற அந்த வைர மோதிரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். ஒரு நிமிஷம் சொச்சம். அந்த ஒரு நிமிஷத்தை முப்பது வருஷமாக எனக்கு வட்டிக்கு விட்டுக்கொண்டிருக்கிறாய். "அதைச் சொல்ல முடியாதுடா, பார்க்கணும்." சரி, அதைத்தான் பார்க்கப் போகிறேன்.

இங்கே எதிர்ப்பு இல்லாமலில்லை. உன் தங்கச்சியின் வாதம் எளிமையானது. அன்றைக்கு இந்தியாவிலும் சாயங்காலம் பாதிக் கிரகணம் தெரியுமாமே, ஏற்காட்டுக்கு ஏறினால் போதாதா, பகோடா பாயிண்ட்டில் நின்று பார்த்துவிட்டு ஒண்டிக்கடையில் மிளகாய் பஜ்ஜி தின்றுவிட்டு வரலாமே, இருபது கொண்டை ஊசி வளைவுக்கு எதற்கு விமானம் என்கிறாள். ஆடி மாசத்தில் ஏற்காட்டு மேகத்தை நம்புவதற்குத் தாரேக்னாவையே நம்பலாம். அது போகட்டும், பாதி என்பது முழுசில் பாதி கிடையாது என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? 2019 டிசம்பர் 26 ஞாபகமிருக்கிறதா? நெருப்பு வளையம் கோவை, கரூர், திண்டுக்கல் என்று போனது, சேலத்தைத் தொடவில்லை. இங்கே சூரியன் அரிவாள் மாதிரி மெலிந்துவிட்டது. ஆனால் தெருவில் வெளிச்சம் கொஞ்சம் சாம்பல் பூத்த மாதிரி ஆனதே தவிர இருட்டவில்லை, பால்காரர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. நூற்றில் ஒரு பங்கு சூரியன் வெளியே எட்டிப் பார்த்தாலும் போதும், சுற்றியிருக்கிற அந்த வெள்ளை ஒளிக்கற்றை தெரியாது. அந்தக் கடைசி ஒரு பங்குக்குத்தான் இத்தனை செலவு.

நம் பக்கத்துக்கே ஒரு காலத்தில் வந்திருக்கிறது, தெரியுமா? 1871 டிசம்பர் 12, அவிநாசியில் முழு கிரகணம். மெட்ராஸ் வானாய்வகத்திலிருந்து போக்சன் துரையும் நம்ம சிந்தாமணி ரகுநாதாச்சாரியும் அங்கே வந்து பார்த்திருக்கிறார்கள். அவிநாசி! கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் போய்விட்டு ராத்திரியே திரும்புகிற தூரம். நாம்தான் நூறு வருஷம் தாமதமாகப் பிறந்துவிட்டோம். இனி இந்தியாவில் முழுசாகத் தெரிவது 2034 மார்ச் 20, கார்கில் பக்கம். எனக்கு அப்போது 69. அந்தக் குளிரில், அந்த உயரத்தில், என் முழங்காலை வைத்துக்கொண்டு? மாட்டேன்.

மற்ற இடங்களையும் பார்த்துவிட்டேன். இந்த வருஷம் ஆகஸ்ட் 12-இல் ஸ்பெயினில் ஒன்று இருக்கிறது, சூரியன் மறைகிற நேரத்தில் அடிவானத்தை ஒட்டி, ரெண்டு நிமிஷம்கூடத் தேறாது. 2027-இல் ஸ்பெயினின் காதிஸ், மொராக்கோவின் டேஞ்சியர் எல்லாம் பாதையில் வருகின்றன, ஆனால் நேரம் குறைவு. ஜித்தாவில் 6 நிமிடம் உண்டு. லக்ஸரில் 6 நிமிடம் 20 நொடி அளவுக்கு, மதியம் ஒரு மணி வாக்கில், ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல். நீளத்துக்குக் காரணம் ரொம்ப அழகானது, ராசு. ஜூலை ஆரம்பத்தில் பூமி சூரியனை விட்டு அதிக தூரத்தில் இருக்கும், ஆகஸ்டிலும் அந்தத் தூரம் பெரிதாகக் குறைந்திருக்காது. அதனால் சூரியன் ஒரு மயிரிழை சிறிசு. நிலாவோ அன்றைக்குக் கிட்டத்தில், ஒரு மயிரிழை பெரிசு. நிழல் போகிற திசையில்தான் பூமியும் சுழல்கிறது. உச்சி வெயில் விழுகிற இடத்தில் நிலம் வேகமாகக் கூடவே ஓடுவதால், நிழல் நம்மைத் தாண்டிப் போக நேரமெடுக்கும். பஸ்ஸோடு சேர்ந்து ஓடினால் ஜன்னலோரத்து ஆளோடு இன்னும் நாலு வார்த்தை பேசலாம் இல்லையா, அதே விஷயம்.

முக்கியமாக, அந்த ஊரில் ஆகஸ்டில் மேகம் என்பதே அபூர்வம். வெயில் 40-ஐத் தாண்டும். தாண்டட்டும், ரோலிங் மில்லில் முப்பது வருஷம் நின்ற நமக்கு அது ஒரு வெயிலா?

ஏற்பாட்டைக் கேள். சென்னையில் ஒரு சுற்றுலாக்காரரிடம் பேசினேன். விலையைச் சொன்னார், நான் போனைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டேன். தொகையை இதில் எழுதினால் நீ கடிதத்தை மடித்துவிடுவாய், நேரில் சொல்கிறேன். லக்ஸரில் அறைகள் இப்போதே தீர்ந்துகொண்டு வருகின்றனவாம். பாஸ்போர்ட் நகலை அனுப்பினேன். மறுநாள் ஒரு பெண் கூப்பிட்டு, "மிஸ்டர் அங்கமுத்து இருக்காரா?" என்றாள். எனக்குத் திக்கென்றது. அப்பா போய்ப் பதினோரு வருஷமாகிறது. பாஸ்போர்ட்டில் இனிஷியல் கூடாதென்று விரித்தெழுதியதில் அப்பா பெயர் குடும்பப் பெயராக உட்கார்ந்திருக்கிறது. "நான்தாங்க" என்றேன். டிக்கெட், ரூம், விசா எல்லாமே மிஸ்டர் அங்கமுத்து பெயரில்தான் வருமாம்.

ஆடி அமாவாசைக்கு நான் இங்கே இல்லாவிட்டால் தம்பி மேட்டூர் போய்ச் செய்துவிடுவான், அதில் பிரச்சினை இல்லை. ஆனால் காலையிலிருந்து மனசு ஒரு இடத்திலேயே நிற்கிறது.

1980 பிப்ரவரி 16, சனிக்கிழமை. ஊரே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்த நாள். நீ உன் வீட்டில் மாட்டிக்கொண்டாய், நான் எங்கள் வீட்டில். அப்பா ஜன்னலுக்கெல்லாம் கோணிச் சாக்கு அடித்தார். அம்மா பாத்திரத்துக்கெல்லாம் தர்ப்பை போட்டாள். உனக்கு நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. எங்கள் வீடு ஓட்டு வீடு. மூன்றே முக்கால் மணி வாக்கில், ஓட்டு இடுக்கு வழியாக உள்ளே விழுகிற வெளிச்சப் பொட்டுகள், வழக்கமாக நாலணாக் காசு மாதிரி வட்டமாக இருக்குமே, அதெல்லாம் பிறையாக மாறிவிட்டன. சாணி மெழுகிய தரை முழுக்க, பானை மேலே, அம்மாவின் புடவை மேலே, பத்து முப்பது பிறைகள், எல்லாமே ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு. யாரும் பேசவில்லை. அப்பா எழுந்து வந்தார். திட்டப் போகிறார், இடுக்கை அடைக்கப் போகிறார் என்று நினைத்தேன். வலது கையை நீட்டினார். தறியில் காய்த்துப்போன அந்த உள்ளங்கையில் ஒரு பிறை வந்து உட்கார்ந்தது. கையை மூடினார், திறந்தார். மறுபடி மூடித் திறந்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "யார்கிட்டயும் சொல்லாதே" என்றார்.

நானும் சொல்லவில்லை, நாற்பத்தாறு வருஷம்.

காக்காய் கடைசியில் பதினோரு மணிக்கு வந்தது. வடையை மட்டும் எடுத்துக்கொண்டு போனது, அப்பா மாதிரியே.

உன் நிலைமை எனக்குத் தெரியும். சரோஜா போனபிறகு நீ மகள் வீட்டு வாசலைத் தாண்டவில்லை என்று மணி சொன்னான். "பார்த்தவனுக்கு எதுக்குடா ரெண்டாம் தடவை" என்று நீ எழுதப் போவதும் தெரியும். உன் ஒரு நிமிஷத்துக்கு ஆறு நிமிஷம் தருகிறேன், எடுத்துக்கொள். இன்னொன்று, இருட்டு விழுந்ததும் கண்ணாடியைக் கழற்று என்று சொல்லவும், வைர மோதிரம் மறுபடி மின்னியதும் மாட்டு என்று சொல்லவும் பக்கத்தில் விவரம் தெரிந்த ஆள் வேண்டும். புதுக் கண்ணை வைத்துக்கொண்டு நான் வாயைப் பிளந்து நின்றுவிடுவேன்.

செய்ய வேண்டியது: உன் பாஸ்போர்ட் எந்த வருஷம் முடிகிறது என்று இன்றைக்கே எடுத்துப் பார். முன்பணத்துக்கு மாசி கடைசி வரை தவணை வாங்கியிருக்கிறேன். வெல்டிங் கண்ணாடி உன்னிடம் மிச்சமிருந்தால் ஷேடு 14 தானா என்று பார், நீ அன்றைக்கு 11-ஐ வைத்துக்கொண்டு போனவன். கிரகணக் கண்ணாடி நான் வாங்கிவிடுகிறேன். சூரியன் உச்சந்தலைக்கு மேலே என்பதால் நின்று பார்த்தால் கழுத்து போய்விடும், படுத்துத்தான் பார்க்க வேண்டும். அதற்கு ரெண்டு கோரைப்பாய் சுருட்டி வைத்திருக்கிறேன், ஒன்று கொஞ்சம் அகலம், அது எனக்கு.

ஜல்லிக்கரண்டியும் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். உன் தங்கச்சி எதற்கென்று கேட்டாள், சொல்லவில்லை.

உன்,
முருகேசன்
(டிக்கெட்டில் அங்கமுத்து)