மச்சி, கொல்லிமலையில ஒண்ணுமே இல்லையா?

மச்சி,

உன் ஸ்டேட்டஸ பாத்தேன். "கொல்லிமலை ஓவர் பில்டப்பு, ஒண்ணுமே இல்ல, 2 நாள் வேஸ்ட்." காலைல பெரம்பூர்ல 29சி ஏறி கம்பிய புடிச்சு நின்னுக்கிட்டே 3 தடவ படிச்சேன், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா பிபி ஏறுச்சு. போன் பண்ணா நீ எடுக்க மாட்ட, எடுத்தாலும் "மீட்டிங்ல இருக்கேன்டா"ன்னு கட் பண்ணுவ, அதான் இங்கயே எழுதுறேன், நாலு பேர் படிச்சாலும் பரவால்ல.

நீ எப்படி போயிட்டு வந்தன்னு உன் போட்டோவ வெச்சே சொல்லிடுவேன். விடியக்காலைல காரவள்ளி அடிவாரம், அங்க இருந்து மலை ரோட்டு ஹேர்பின் பெண்டு போர்டு ஒவ்வொண்ணா 1/70, 2/70ன்னு வீடியோ, 40க்கு மேல வீடியோவே இல்ல, ஏன்னா வாந்தி. அப்புறம் செம்மேட்டுல ஓரி சிலை பக்கத்துல செல்ஃபி, யாருன்னு தெரியாம "கிங்கு"ன்னு ஒரு கேப்ஷன். வல்வில் ஓரிடா அது, சங்ககாலத்துல கொல்லிமலைய ஆண்டவன். அவன் விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், காட்டுப்பன்னி எல்லாத்தையும் தொளச்சிட்டு கடைசில புத்துல இருந்த உடும்பு மேல போய் நின்னுச்சுன்னு வன்பரணர்ங்கிற புலவர் புறநானூறுல பாடி வெச்சிருக்காரு. பில்டப்புன்னா அதுதான் பில்டப்பு.

நான் அங்க 2021ல 11 மாசம் இருந்தவன், உனக்கே தெரியும். ஆபீஸ் வீட்ல இருந்தே வேலை பாருன்னுச்சு, நான் எந்த வீடுன்னு கேக்கல. செம்மேட்டுக்கு கொஞ்சம் தள்ளி ஒரு ஓட்டு வீடு, சிக்னல் வேணும்னா பின்னாடி இருக்குற பாறை மேல ஏறணும், கிளையண்ட் கால் எல்லாம் அந்த பாறைல குத்த வெச்சு தான் பேசுனேன். மழை வந்தா கரண்டு போகும், எப்ப வரும்னு யாரும் சொல்ல மாட்டாங்க. ஒரு நாள் ராத்திரி 103 காய்ச்சல், அந்த நேரத்துல அந்த 70 பெண்டையும் நெனச்சுப் பாத்தேன், கீழ எறங்காம விடியற வரைக்கும் ஈரத்துணி போட்டுக்கிட்டு கெடந்தேன். சொர்க்கம்னு நான் சொல்லவே மாட்டேன்.

ஆனா "ஒண்ணுமே இல்ல"ன்னு சொன்ன பாரு, அது தான் தாங்கல.

அந்த மலைல ஊராட்சி பேரு எல்லாமே நாடுன்னு முடியும், கவனிச்சியா? வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, தின்னனூர் நாடு, குண்டூர் நாடுன்னு மொத்தம் 14. ஒரு நாட்டுக்கும் இன்னொரு நாட்டுக்கும் நடுவுல ஓடை, மேடு, குச்சிக்கிழங்கு காடு, அதான் மரவள்ளி. நடந்து போனா தான் இது புரியும், கார்ல போனா வியூ பாயிண்டு பாயிண்டா தான் தெரியும்.

அப்புறம் "அங்க எல்லாரும் மலையாளிங்க, ஆனா தமிழ் பேசுறாங்க"ன்னு சிரிச்சிருந்த பாரு, அங்க மலையாளின்னா அந்த மலை பழங்குடிங்களோட பேரு, மலைய ஆளுறவங்கன்னு அர்த்தம், கேரளாவுக்கு சம்பந்தமே இல்ல. அவங்க கதைப்படி காஞ்சிபுரம் பக்கத்துல இருந்து கெளம்பி வந்த அண்ணன் தம்பிங்க தான் முன்னோர். அந்த கணக்குல பாத்தா நம்ம பக்கத்து ஊர்க்காரங்க தான்.

எனக்கு வீடு குடுத்த ஆயா பத்தி சொல்லணும். ஒரு நாள் சாமைச் சோறு கேட்டேன், ஹோட்டல்ல ஆர்டர் பண்ற மாதிரி. ஆயா ஒண்ணும் சொல்லல, உலக்கைய எடுத்து என் கைல குடுத்துச்சு. சாமை கடுகு மாதிரி பொடிசு, வழுவழுன்னு இருக்கும், கல் ஒரல்ல போட்டு இடிச்சா பாதி வெளிய தெறிக்குது, அத கூட்டி அள்ளி மறுபடி போட்டு இடிக்கணும், அப்புறம் மொறத்துல பொடச்சு உமிய தள்ளிட்டு திரும்ப இடி. உமித்தூசி கழுத்துல ஒட்டி அரிக்குது. ஒரு படி அரிசி தேறுறதுக்குள்ள என் ரெண்டு உள்ளங்கையும் கொப்புளம். "பசிக்குதா கண்ணு"ன்னு ஆயா கேட்டுச்சு, சிரிக்காம.

சாமை, தினை எல்லாம் ஏன் கொறஞ்சு போச்சுன்னு எனக்கு அன்னிக்கு கைல தெரிஞ்சுச்சு. குச்சிக்கிழங்கு போட்டா ஜவ்வரிசி பண்ற சேகோ பேக்டரிக்கு லாரி ஏறிடும், கைல காசு, சோத்துக்கு ரேஷன் அரிசி. அப்புறம் யாரு இடிப்பா? சிட்டில உக்காந்துக்கிட்டு "பாரம்பரியத்த விட்டுட்டாங்க"ன்னு பேசுறவன கூட்டிட்டு போய் ஒரு மணி நேரம் உலக்கைய குடுக்கணும். நீ டைடல் பார்க் போற வழில தரமணில எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இருக்குல்ல, அவங்க 1990கள்ல இருந்தே அந்த மலைல வேலை பாத்திருக்காங்க, வெத சேத்து வெக்கிறது, ஊருக்குள்ளயே உமி நீக்குற சின்ன மெஷின் வெக்கிறதுன்னு. தெனமும் அந்த கேட்ட தாண்டி தான் போற, தெரியாது உனக்கு.

முடவாட்டுக்கால் சூப்ப மட்டன் சூப்புன்னு நெனச்சு குடிச்சிருக்க, அத படிச்சு சிரிச்சிட்டேன். அது கெழங்குடா, பாறைலயும் மரத்துலயும் ஒட்டி வளர்றது, மேல ஆட்டுக்கால் மாதிரி பழுப்பா ரோமம், அத சொரண்டுனா உள்ள பச்சையா இருக்கும், மெளகு சீரகம் தட்டிப் போட்டு கொதிக்க விடுவாங்க. மூட்டுவலி போயிடும்னு சொல்லி விப்பாங்க, எங்கப்பாவுக்கு போகல, ஆனா அந்த குளிருக்கு தொண்டைல எறங்குறது சுகம்.

ஆகாய கங்கை அருவில தண்ணி இல்லன்னு பொலம்பியிருக்க. ஏப்ரல்ல போனா? ஐப்பசி மழை கொட்டி முடிஞ்சப்புறம் போ. ஆயிரம் படிக்கு மேல எறங்கணும், எறங்கும்போதே சத்தம் நெஞ்சுல இடிக்கும், கிட்ட போனா பக்கத்துல நிக்கிறவன் கத்துனாலும் கேக்காது. ஆமா, அந்த படில கெடந்த பிரியாணி டப்பா, பாட்டில் எல்லாம் மலைக்காரங்க போட்டது இல்ல. உங்க டப்பாவ எங்க போட்டீங்கன்னு நான் கேக்கல.

சரி விடு. ஆடி 18க்கு நான் போறேன், அப்ப அங்க ஓரி விழா நடக்கும். சேலம் வரைக்கும் ட்ரெயின், அங்க இருந்து பஸ்ஸு, கார எடுத்துட்டு வராத. ஆயா வீட்ல தான் தங்கல், ஆயாவுக்கு 2 கிலோ காராபூந்தி வாங்கணும், அது உன் செலவு. வாந்திக்கு எலுமிச்சம்பழம் நான் எடுத்துட்டு வரேன்.